செவ்வாய், நாற்பத்தோரு நிமிடம்

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:
"செபஸ்தி, இதை மறக்கவைக்க முடியுமா?"

காரைக்குடி நூறடி ரோட்டில்
என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள் என்னிடம்.
ஏசி போதவில்லை,
பிரேக் மிதித்தால் பூனைக்குட்டி கத்துகிறது,
எலி வயரைக் கடித்துவிட்டது.
மறதி கேட்டு வந்தவர்
உமையாள் ஆச்சி ஒருவர்தான்.
(நாற்பது வயதிருக்காது. இந்த ஊரில் ஆச்சிதான்.)

மஸ்கட்டிலிருந்து கணவர் பேசினாராம்,
சாப்பிட்டாயா என்கிற அதே குரலில்:
"செவ்வாய்க்கிழமை தேவகோட்டை ரோட்டில் என்ன வேலை?"
சண்டையில்லை. சந்தேகம்கூட இல்லை.
போனில் தெரிந்தது, கேட்டார்.
"நல்லவர்தான் செபஸ்தி.
ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுது.
அப்புறம் சொல்ல எனக்கு என்ன இருக்கு?"

அந்த வண்டியை டெலிவரி கொடுத்தவன் நான்.
நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து
கொப்புடையம்மன் குங்குமத்தை
ஸ்டியரிங்கில் தொட்டுவைத்தவன்.
அவர்கள் போட்டோவுக்கு நின்றபோது
திரையில் ஒரு ஒப்பந்தம் விரிந்தது,
தள்ளத் தள்ள முடியாத நீளம்.
நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம்.
சம்மதம் என்ற பச்சைக் கட்டத்தை
அழுத்தியது என் கட்டைவிரல்.
சந்தனம் ஒட்டியிருந்தது அதில்.

முப்பத்திரண்டு பங்காளி கையெழுத்துப் போடாமல்
ஒரு நிலைக்கதவைக்கூட விற்க முடியாத ஊர்.
ஒருத்தி போவதையும் வருவதையும்
நான் ஒருவனே எழுதிக்கொடுத்துவிட்டேன்.

லேப்டாப்பைச் செருகினேன்.
அழிக்கட்டுமா என்று கேட்பதற்கு முன்
எதை என்று அது காட்டும்.
கண்ணை எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.

அமராவதிபுதூர் தாண்டி, சங்கராபதிக் காட்டோரம்,
காலை பதினொன்று ஐம்பத்திரண்டு.
இன்ஜின் நின்றது.
கதவு திறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் எடை இல்லை.
பாட்டு இல்லை, அழைப்பு இல்லை.
நாற்பத்தோரு நிமிடம்.
அடுத்த செவ்வாய் முப்பத்தெட்டு.
அதற்கடுத்த செவ்வாய் மறுபடி நாற்பத்தொன்று,
கிளம்பும்போது வைப்பர் ஓடியிருக்கிறது.
அந்த மாதம் மழை பெய்ததாக எனக்கு நினைவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்பதை
இவ்வளவு விவரமாக
நான் எங்கும் படித்ததில்லை.

"அழிஞ்சுதா?"
"இதுக்குள்ள அழிஞ்சுது ஆச்சி. ஆனா அங்க போனது..."
எங்கே என்று காட்ட
கையை மேலே தூக்கினேன்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே இருக்கும் சிம்மைக் கழற்றச் சொன்னார்.
போர்டோடு பற்றவைத்தது, கழற்றினால் வாரண்டி போகும்,
ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும் என்றேன்.
எரியட்டும் என்பார் என நினைத்தேன்.
பர்ஸைத் திறந்தார்.
ஐந்நூற்றுத் தொண்ணூறு, வரியோடு.
பில்லில் வேலை விவரம் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'பொதுப் பரிசோதனை' என்று எழுதினேன்.

வாசல்வரை போய்த் திரும்பினார்.
"நீ பாத்தியா?"
"இல்ல ஆச்சி."

அடுத்த செவ்வாய் ஒரு கண்ணாடி வாங்க
பைக்கில் தேவகோட்டைக்குப் போனேன்.
கண்ணாடி புதன்கிழமை வாங்கினாலும் போதும்.
காட்டோரம் வண்டி எதுவும் இல்லை.
சருகுமேல் இரண்டு டயர்த் தடம், பழையது,
ஒன்றில் எறும்பு வரிசை வைத்திருந்தது.
இறங்கி நின்றேன். நேரம் பார்க்கவில்லை.
டவுன் பஸ் ஒன்று போனது,
ஜன்னலோரம் யாரென்று தெரியவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது போன் அதிர்ந்தது.
சங்கராபதி உங்களுக்குப் பிடித்திருந்ததா?
எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

அங்கே எதற்குப் போனேன் என்று
நானே அதுவரை
என்னைக் கேட்டிருக்கவில்லை.